பின்னால் நிற்பவர்

அக்டோபர் 18
மோகனூர்ப் பக்கம், காவிரிக் கரையில் ஒரு தோப்பு

வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வழியில் டீக்கடையில் நிறுத்தியதும் வழக்கம்போல் ஒரு கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டது. ஜன்னலில் திரை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, பக்கவாட்டில் மடக்குப் படி. இதைப் பார்த்தால் எல்லாருக்கும் சினிமாக்காரர்களின் கேரவன்தான் ஞாபகம் வருகிறது. உள்ளே எந்த நடிகர் இருக்கிறார் என்று ஒரு அம்மாள் கேட்டார். என் வீட்டுக்காரர் சளைக்காமல், "நடிகையம்மாதானுங்க வண்டியே ஓட்டறாங்க" என்று என்னைக் கைகாட்டினார். அந்த அம்மாள் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "எந்தப் படத்துலீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். குழந்தைவேலு என்கிற இந்த மனிதருக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்தக் குசும்புக்கு மட்டும் வயதாகவில்லை.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கோபியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஊரில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள். மகள் யமுனாவைக் கட்டிக்கொடுத்த பிறகு, பழைய வேன் ஒன்றை வாங்கி, கரூரில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, உள்ளே இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, கொசுவலை எல்லாம் போட்டுக்கொண்டோம். யோசனை அவருடையது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு டிக்கெட் கிழித்தாயிற்று, இனி நாம் போகலாம் என்றார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. மேகமலை, தனுஷ்கோடி, கோதாவரிக் கரை என்று எங்கெங்கோ நிறுத்தி, வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்கியிருக்கிறோம்.

ஓட்டுவது நான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவர் இறங்கிப் போய், வண்டியின் முதுகில் கையை வைத்து நின்றுகொண்டு, "வரட்டும், வரட்டும்" என்பார். போதும் என்றால் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பக்கக் கண்ணாடியில் அவருடைய முழங்கை மட்டும்தான் எனக்குத் தெரியும். வண்டிக்கு நேர் பின்னால் யாரையும் நிற்க விடாதே என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இவரிடம் சொன்னால், "ஓட்டறது நீதானே புள்ள" என்பார்.

ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு போகிறது. துறைப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது என்று தோப்புக்காரர் கயிறு கட்டியிருக்கிறார். குளிப்பதற்கு மோட்டார் தண்ணீர்தான். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு.

அக்டோபர் 19

காலையில் வண்டியை நிழலுக்குத் தள்ளி நிறுத்தலாம் என்று பின்னால் எடுத்தேன். இவர் "வரட்டும்" சொன்னார். எடுத்துக்கொண்டே இருந்தேன். வேரில் ஏறினாற்போல் வண்டி லேசாகக் குலுங்கியது. நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், இவர் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னாச்சுங்க?"

"ஈரப் புல்லு. வழுக்கிப்போட்டுது."

"வழுக்கறதுக்கு முன்னால ரெண்டு தட்டுத் தட்டியிருக்கலாமில்ல?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம், "தட்ட மறந்துட்டன் புள்ள" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பது வருடம் பஸ்ஸைத் தட்டி நிறுத்திய கை, இரண்டு தட்டுத் தட்ட மறந்துவிட்டதாம். நான் வேகமாக எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நன்றாகத் திட்டினேன். அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டப் டப் என்று ஏதோ காதில் விழத்தான் செய்தது. ஆனால் அது ஆற்றங்கரையில் யாரோ துணி துவைக்கிற சத்தம். பிரேக்கும் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறது. ஊருக்குப் போனதும் சிக்கந்தரிடம் காட்ட வேண்டும்.

அக்டோபர் 20

நான்கு நாள் இருப்பதாக வந்தோம். இவரால் படி ஏற முடியவில்லை. வீடு திரும்பிவிட்டோம்.

அக்டோபர் 27

சிக்கந்தர் வந்து பிரேக்கைப் பார்த்தான். என்னிடம் வண்டி ஓட்டப் பழகிய பையன், இப்போது இரண்டு பட்டறைக்கு முதலாளி. வண்டிக்கு அடியில் படுத்து, எழுந்து, ஓட்டியும் பார்த்தான்.

"பிரேக்கு அருமையா இருக்குதுக்கா. புது வண்டி மாதிரி பிடிக்குது."

"லேட்டாப் பிடிக்குதுடா."

"எனக்குப் பிடிக்குதேக்கா."

ஆயிரம் வண்டி பார்த்த மிதப்பு. இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுவேன்.

சந்தைக்குப் போய் வெங்காயம், அவரைக்காய், எலுமிச்சை வாங்கினேன். வீட்டுப் படியேறும்போது இவர், "ஒரு செருப்பு எங்க?" என்றார். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பே இல்லை. வார் தொளதொளவென்று இருந்தது, எங்கேயோ கழன்றிருக்கிறது. இந்தக் காலத்தில் எதைத்தான் உருப்படியாகச் செய்கிறார்கள். இவர் அந்த இடுப்பு வலியோடு சந்தை வரை நடந்து போய்த் தேடி எடுத்து வந்தார். கூடவே பின்பக்கம் வார் வைத்த புதுச் செருப்பும் ஒரு ஜோடி. நான் ஸ்கூல் பிள்ளையா என்று கேட்டேன்.

நவம்பர் 3

ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்ததும் பெரிய பயணமாகக் கிளம்புவோம். பத்துப் பதினைந்து நாள். இந்த வருடம் கொங்கணக் கடற்கரை என்று போன தையிலேயே பேசி வைத்திருந்தோம். காபி குடிக்கும்போது வழியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"இந்த வருசம் வேண்டாம் புள்ள" என்றார்.

"அடுத்த வருசமுங்களா?"

"இனிமே வேண்டாம்ங்கறேன். அலுத்துப்போச்சு."

நான் தமாஷ் என்று நினைத்தேன். அவர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து வரிசையாகச் சொன்னார். "கொசு. தண்ணி தூக்கறது. ராத்திரியில ஒண்ணுக்கு வந்தா டார்ச்சு எடுத்துட்டு எறங்கறது. அந்தப் படுக்கையில பொரண்டு படுக்க முடியுதா? இப்பெல்லாம் எங்க போனாலும் பிளாஸ்டிக் தட்டும் பாட்டுச் சத்தமும்தான். என்ற கட்டல்ல படுத்து, என்ற வீட்டுப் பாத்ரூமுக்குப் போனாப் போதும்னு இருக்குது."

"வண்டிய என்ன பண்றதுங்க?"

"யாருக்காவது குடுத்துரலாம்."

இவ்வளவையும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எப்படி மனசு வருகிறது? மழையில் மேகமலையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வெறும் ரொட்டியும் ஊறுகாயும் தின்றபோது, இதுதான் வாழ்க்கை என்று சிரித்த மனிதர் இவர். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்கட்டும் என்றே அழுதேன்.

நவம்பர் 4

பேசவில்லை.

நவம்பர் 16

பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும். இன்று அவருக்கு இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டேன். முதல் தடவையாகச் சட்டையைத் தூக்க விட்டார். ஒரு மாதம் ஆகப் போகிறது, இன்னும் கன்றிப்போன அடையாளம் இருக்கிறது. இடுப்பின் குறுக்கே பட்டையாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் நேராக.

"வழுக்கி விழுந்தா இப்படியா ஆகும்?"

"கல்லு மேல விழுந்தன்."

தோப்பில் கல் எங்கே இருந்தது? இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டு ரத்தினத்திடம் இவருக்கு அலுத்துப்போன கதையைச் சொன்னேன். தட்ட மறந்த கண்டக்டர் என்று இவருக்குப் பட்டம் வைத்திருக்கிறேன். ரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தாள். நேராகத் திட்டியதைவிட இதுதான் அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படித்தார்.

டிசம்பர் 5

சர்க்கரை டாக்டரிடம் போனோம். எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. டாக்டர் புதிதாக வந்திருக்கிற சின்னப் பெண். காலைப் பரிசோதிக்கிறேன் என்று நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, "கண்ண மூடிக்கங்கம்மா, தொடும்போது சொல்லுங்க" என்றாள்.

நான் முழுசாக மூடவில்லை. எதிரே கண்ணாடி பீரோ. அதில் அவள் கை நன்றாகத் தெரிந்தது. தொட்டபோதெல்லாம் "தெரியுது, தெரியுது" என்றேன். எங்கள் டிரைவிங் ஸ்கூல் எழுத்துப் பரீட்சையில் காப்பி அடித்த எத்தனை பேரை நான் பிடித்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது. அவள் நல்ல மார்க் போட்டு அனுப்பிவிட்டாள். இவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 14

யமுனா பெங்களூரிலிருந்து பேசினாள். அப்பா மாறிப்போய்விட்டார், ஒன்றிலும் பிடிப்பில்லை என்று புலம்பினேன். அவள் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும்மா. உன்ற கால் எப்படி இருக்குது?" என்றாள்.

என் காலுக்கு என்ன? அவளுக்கு யார் சொன்னது?

டிசம்பர் 29

மத்தியானம் இவர் தூங்கும்போது ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கொசுவலையில் பூஞ்சை வாடை. துவைத்துப் போட வேண்டும். அடுப்பு மூலையில் அவர் டீத்தூள் டப்பாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார், வளைவுகளில் உருளாமல் இருக்க. அவர் போட்ட முடிச்சு என்னால் அவிழ்க்க முடிந்ததே இல்லை.

உண்மையைச் சொன்னால், கொஞ்ச காலமாக எனக்கும் பழைய மாதிரி இல்லை. முன்பெல்லாம் விடிந்ததும் கதவைத் திறந்து வெளியே பார்க்கிற அந்த நிமிஷத்துக்காகவே தூக்கம் வராது. போன வருடம் கடலுக்கு எதிரே நின்றுகொண்டு, வீட்டில் மோட்டார் சுவிட்சை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேல் படுக்கையில் நான் ஏறுவதை விட்டு எவ்வளவோ நாளாகிறது. ஆனால் இதையெல்லாம் அவர் சொல்வானேன்? சொல்வதாக இருந்தால் நான் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவள் நான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 6

இன்று சண்டை. வண்டியை விற்கப் போவதாக இவர் யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது. அடக்க முடியவில்லை.

"உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னா வீட்லயே கெடங்க. நான் தனியாப் போயிக்கறேன்."

"தனியாவா?"

"ஏன், எனக்கு வழி தெரியாதுங்களா? லைசென்ஸ் என்ற பேர்லதான் இருக்குது. தட்டறதுக்கு ஆள் இல்லாமயும் எனக்கு ஓட்டத் தெரியும்."

அவர் வாசலில் போய் நின்றார். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்து, "தனியா வேண்டாம். நானும் வாரேன்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். மனசு குளிர்ந்துவிட்டது. கொங்கணம் இல்லை, பக்கத்தில் எங்காவது போகலாம் என்று அவர் கேட்டுக்கொண்டதற்குச் சம்மதித்தேன். கொடிவேரிப் பக்கம் போய் ஒரு ராத்திரி தங்குவது. பரவாயில்லை, இவருக்கு ருசி திரும்பட்டும்.

ஜனவரி 12

கொசுவலை துவைத்தாயிற்று. கேஸ் மாற்றியாயிற்று. தொட்டியைக் கழுவ இவர் கூரைமேல் ஏறினார். இறங்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பொங்கலுக்கு வெல்லம் போதாது, வாங்க வேண்டும்.

ஜனவரி 18

கிளம்பவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலையில் புளிச்சோறு கட்டி, உருளைக்கிழங்கு வறுத்து, தண்ணீர் பிடித்து எல்லாம் ஏற்றியாயிற்று. இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பழைய விசிலைக் கூடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டியை ஷெட்டிலிருந்து பின்னாலேயே எடுத்துத்தான் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். இவர் கேட்டைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போனார். "வரட்டும்" என்று குரல் கேட்டது.

கண்ணாடியைப் பார்த்தேன். எப்போதும் தெரிகிற முழங்கை இல்லை. அவரே முழுசாகத் தெரிந்தார், தலையிலிருந்து கால்வரை. தெருவைத் தாண்டி எதிர்வீட்டு முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை மரத்தைப் பிடித்திருந்தது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "ஏனுங்க அங்க போய் நிக்கறீங்க?"

"இங்கிருந்து நல்லாத் தெரியுது புள்ள. நீ வா."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள் அவர் அங்கே நின்றதில்லை. அவருக்குப் பயமாக இருக்கிறது. என் வண்டிக்குப் பின்னால் நிற்க அவருக்குப் பயம். பயந்துகொண்டே விசிலையும் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பியிருக்கிறார், நான் தனியாகப் போய்விடுவேன் என்று.

அப்போதுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன். ஓட்டும்போது காலைப் பார்க்காதே, பிரேக் இருக்கிற இடம் காலுக்கே தெரிய வேண்டும் என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன். பிரேக்கில் முழுசாக வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் பாதி பெடலிலும் பாதி வெளியிலுமாக இருந்தது. பார்த்திராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

வண்டியை அணைத்தேன்.

காவிரிக் கரையில் அன்றைக்கு யாரும் துணி துவைக்கவில்லை. துறைக்குப் போக முடியாமல் கயிறு கட்டியிருந்தது. அவர் தட்டினார். இரண்டு தட்டும் எனக்குக் கேட்டது.

அவர் மெதுவாகத் தெருவைக் கடந்து கதவருகே வந்தார். "என்ன புள்ள, ஸ்டார்ட் ஆகலியா?"

"எனக்கும் அலுத்துப்போச்சுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. எத்தனையோ பேரின் முகத்தைப் பார்த்தே, டிக்கெட் எடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்று கண்டுபிடித்தவர். அவரிடம் நான் எதை மறைப்பது.

"கொசு ரொம்பத் தொல்லைங்க" என்றேன்.

"ஆமா. கொசு பெருந்தொல்லைதான்" என்றார்.

மடக்குப் படியை விரித்து ஏறி வந்தார். ஷெட்டுக்குள்ளேயே, வண்டிக்குள் எதிரெதிராக உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். இந்த மூன்று மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் தட்ட மறந்த கண்டக்டர் என்று சொல்லிச் சிரித்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. வாய் வரை வந்தது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றுதான் சொன்னேன். அவர் வாழையிலையை நீட்டினார்.

ஜனவரி 21

அந்த டாக்டர் பெண்ணிடம் போனேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் எதுவுமே தொடவில்லை. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றாள்.

ஜனவரி 30

ரத்தினத்திடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு அவர் தட்டினார், நான்தான் நிறுத்தவில்லை என்று. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

வண்டி போய்விட்டது.

வாங்கியது கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு இளஞ்ஜோடி. அந்தப் பெண் கொசுவலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இந்த டப்பா எதுக்கு ஆன்ட்டி கட்டியிருக்கு என்று கேட்டாள். இவர் சொல்லிக் கொடுத்தார். முடிச்சையும் அவிழ்த்துக் கட்டிக் காட்டினார். ஒன்று பாக்கியில்லாமல் எல்லா ஊரைப் பற்றியும் பேசினார். மேகமலையில் எங்கே நிறுத்த வேண்டும், எந்த ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கும், எங்கே விடிகாலையில் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று. அலுத்துப்போனவர் பேசுகிற பேச்சா அது? நான் காபி போட உள்ளே போனேன். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

அந்தத் தம்பிக்குப் பெரிய வண்டி பழக்கமில்லை. ஷெட்டிலிருந்து பின்னால் எடுக்கத் தடுமாறினான். நான் ஜன்னல் பக்கத்தில் நின்று, "அவசரப்படாத தம்பி. கால் பிரேக்கு மேலயே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவர் அதற்குள் பின்பக்கம் போய்விட்டார். எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு முருங்கை மரத்துக்குப் போகவில்லை. வண்டிக்கு நேர் பின்னால், அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். முன்னே பின்னே தெரியாத பையன் ஓட்டுகிறான். அவருக்கு ஒரு பயமும் இல்லை.

"வரட்டும், வரட்டும்" என்றார். வண்டி நகர, அவரும் கையை எடுக்காமல் அதோடு பின்னால் நடந்தார். தெருவில் வண்டி திரும்ப வேண்டிய இடம் வந்தது.

இரண்டு தட்டு கேட்டது. வண்டி அந்த இடத்திலேயே நின்றது.